உட்கார்ந்து அடிப்பவனும் நடந்து அடிப்பவர்களும்

ட்ரம்ஸ் வாசிப்பவனின் முதல் பிரச்சினை தாளம் இல்லை, போக்குவரத்து. கிடார்காரர் பைக்கில் போய்விடுவார். பாடுகிறவர் டவுன் பஸ்ஸில் வெறுங்கையோடு வந்து இறங்குவார். நமக்கு பேஸ் ட்ரம் என்கிற பெரிய முரசு, அடியில் கம்பி கட்டிய ஸ்னேர், டாம்கள், சிம்பல் தட்டுகள், அதற்கெல்லாம் ஸ்டாண்டுகள், பெடல், கடைசியில் உட்கார ஒரு ஸ்டூல். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பொய்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒத்திகை இடத்துக்கு ஒரு குட்டி யானை வண்டி பேசி ஏற்றினேன். வண்டிக்காரர் சாமான்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ட காலி பண்றீங்களா?" என்றார்.

நான் தொழில்முறை வாத்தியக்காரன் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். சின்ன வயதில் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வாசித்தேன், காலேஜில் மெல்லிசைக் குழுவில் கொஞ்ச காலம். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள், அக்கம்பக்கத்துக்காரர்கள். இருந்தும் ட்ரம்ஸ் கிட்டை விற்க மனசு வரவில்லை. ராத்திரி ரப்பர் பேடில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, போனில் தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் ஓடவிட்டு அடித்துக்கொண்டிருந்தேன். மெட்ரோனோம் பிசகாது. பல வருஷம் அது ஒன்றுதான் எனக்குத் துணை வாத்தியம்.

இந்தப் புதுக் குழுவை ஆரம்பித்தவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் வாசிப்பது பறை. இரண்டு முரசுகளைச் சேர்த்துக் கட்டிய பம்பைக்கு ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் வருகிறார். ஆடியிலும் தையிலும் பம்பை, மற்ற மாதங்களில் கொத்தனார் வேலை. உடுக்கை அவருடைய மச்சான். இன்னும் இரண்டு பறை: ஒரு பையன் மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறான், இன்னொருவன் காலேஜ் படிக்கிறான். அணைக்கட்டுப் பக்கம் நடவுக்குப் போகும் ஓர் அக்கா பாடுவார், கைச்சிலம்பும் அவர்தான். ஆர்மோனியத்துக்குச் செய்யாறு பக்கத்துக் கூத்துக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர். இவ்வளவு பேர் இருக்கும்போது ட்ரம்ஸ் எதற்கு? வாத்தியாரைக் கேட்டால், "மேடையில கொஞ்சம் கனம் வேணும் சார், பசங்களுக்கும் புடிக்கும்" என்றார். எனக்கு அது அரைக் காரணமாகத்தான் பட்டது. போகக் கூடாது என்று தோன்றும் அளவுக்கு அரையாக இல்லை.

இடம், மூடிப்போன ஒரு ரைஸ் மில். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் வாசலில், உள்ளே உயரமான தகரக் கூரை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை கூப்பிடு தூரத்தில் ஓடுவதால் எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்குள் ஒத்திகைக்கு இடம் கிடைக்கவில்லையாம். ஒரு கல்யாண மண்டபத்தில் மாடி தருவதாகச் சொல்லிவிட்டு, பறை என்றதும் வேறு தேதி பார்க்கச் சொன்னார்களாம். வாத்தியார் இதைக் கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்படும் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டவர் போல.

நான் ஸ்டாண்டுகளைத் திருகிக்கொண்டிருந்தபோது பம்பை அண்ணன் பக்கத்தில் வந்து நின்று முழுவதையும் பார்த்தார். பெடலைக் காலால் ஒரு தடவை மிதித்தும் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, கடைசி வரைக்கும் உக்காந்துகினேவா அடிப்ப?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் ட்ரம் கிட்டின் வரலாறே அதற்குள் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் மாதிரியான அமெரிக்க ஊர்களில் தெருவில் நடந்து வாசித்த பேண்டுகளில் பெரிய முரசை ஒருவர் சுமந்தார், ஸ்னேரை இன்னொருவர், சிம்பலை மற்றொருவர். அந்த இசை தெருவை விட்டு ஹாலுக்குள் வந்தபோது, மூன்று ஆள் வேலையை ஒரே ஆள் செய்ய வழி தேடினார்கள். 1909-இல் லுட்விக் சகோதரர்கள் கொண்டுவந்த கால் பெடல் அதைச் சுலபமாக்கியது. கை இரண்டும் ஸ்னேருக்கு, கால் பெரிய முரசுக்கு. மூன்று பேர் நடந்து செய்த வேலையை ஒருவன் உட்கார்ந்து செய்யலாம். முதலாளிக்கு இரண்டு கூலி மிச்சம். ரைஸ் மில்லில் எனக்கு எதிரே நின்றவர்கள் அந்தக் கூலி மிச்சம் நடக்காத உலகத்திலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஒரு தோல், ஆளுக்கு ஒரு ஜோடிக் கால். இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. "ஆமாண்ணா, ஸ்டூல் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்டூலைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

வெளியே களத்தில் பையன்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தீக்கு நேராகக் காட்டி, திருப்பி, விரலால் தட்டி, மறுபடி காட்டி. முந்தின ராத்திரி தூறல் போட்டிருந்ததால் தோல் இறங்கியிருந்தது. தோல் கம்பெனியில் இருப்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பேச இடமுண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் முழுக்கத் தோல்தான். ஆனால் அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போகும் தோலை எந்த வாத்தியத்திலும் கட்ட முடியாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் காய்ந்த பிறகும் மெத்தென்றே இருக்கும். செருப்புக்கும் கைப்பைக்கும் அதுதான் வேண்டும், தட்டினால் மட்டும் சத்தம் வராது. வாத்தியத்துக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். முடி நீக்கி, ஈரமாக இழுத்துக் கட்டி, காயவிட்டால் அது விறைத்துக்கொள்ளும். ஆனால் பதனிடாததால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தளரும். தீ அந்த ஈரத்தை விரட்டுகிறது, தோல் சுருங்குகிறது, சுருதி ஏறுகிறது. பறை காய்ச்சுவதைச் சடங்கு என்று நினைத்து மேடைக்குக் கீழே போட்டோ எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுருதி சேர்ப்பது, அவ்வளவுதான்.

என்னுடையதில் தோலே கிடையாது. 1950-களில் மைலார் என்ற பாலியெஸ்டர் தாள் வந்ததும் மேல்நாட்டு ட்ரம்களிலிருந்து கன்றுத் தோல் காணாமல் போனது. மழை வெயில் எதற்கும் அசையாது, சாவி போட்டுத் திருகினால் போதும். இப்போது நம் ஊர்களிலும் பிளாஸ்டிக் தாள் போட்டு நட்டு போல்ட் வைத்த பறைகள் நிறைய வந்துவிட்டன. மழையில் அடிக்கலாம், தீ வேண்டாம். ஆனால் சத்தம் மேலே மட்டும் கிளம்பும், அடியில் ஒன்றும் இருக்காது. தோல் ஷாப்பில் வேலை செய்யும் பையன் அந்தப் பறையைத் தொட மாட்டேன் என்கிறான். காலேஜ் பையன் இரண்டையும் வைத்திருக்கிறான். எனக்கு இதில் காலேஜ் பையன் கட்சி.

முதல் பாட்டு அம்மன் பாட்டு. வாத்தியார் என்னிடம் "தகிட தகிடதான் சார், ஆறு தட்டு" என்று சொல்லியிருந்தார். ஆறு தட்டு எனக்குப் பழக்கம். பம்பை ஆரம்பித்தது. கனமான முகத்தில் ஓர் உறுமல், பித்தளைக் குடத்திலிருந்து சடசடவென்று ஒரு பதில். நான் இரண்டு சுற்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். தாளம் சரியாகத்தான் இருந்தது, பொருந்தவில்லை. அவர்கள் அடிப்பது சரியான மூன்றும் இல்லை, சரியான நாலும் இல்லை. மூன்றின் கடைசித் தட்டு கொஞ்சம் பிந்தி வந்து அடுத்த சுற்றின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. நான் மெட்ரோனோமில் வளர்ந்தவன், என் மூன்றில் மூன்றும் சம அளவு. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது நடுவில் ஒரு சின்னச் சந்து விழுந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் கேட்டது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேகம் இன்னொரு சங்கதி. போனை ஸ்டாண்டில் வைத்து, விரலால் தட்டி வேகம் பார்த்தேன். பாட்டு நிமிஷத்துக்குத் தொண்ணூறு சொச்சத்தில் ஆரம்பித்து, நூற்று முப்பதைத் தாண்டி நின்றது. நான் கற்ற இடத்தில் இதற்குப் பெயர் ஓடிவிட்டான் என்பது. ட்ரம்மருக்கு அதைவிடப் பெரிய கெட்ட பெயர் கிடையாது. இங்கே ஏறாவிட்டால்தான் கெட்ட பெயர். ஆனால் யார் ஏற்றுகிறார்கள்? பம்பையைப் பார்த்தேன், அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பறைக்காரப் பையன்களும் அக்காவைத்தான். அக்கா யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கைச்சிலம்பைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது குதிகால் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வேகம் அந்தக் குதிகாலில் இருந்தது. சிலம்பின் உள்ளே உருளும் பரல்கள் அதைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்கின்றன. நான் தேடிய பிந்தின மூன்றாம் தட்டு அதுதான் என்று அடுத்த பாட்டில்தான் பிடிபட்டது. பரல் உருண்டு மறுபக்கம் போய் விழ எடுத்துக்கொள்ளும் நேரம். எந்த மெட்ரோனோமிலும் அந்த நேரத்தை வைக்க முடியாது.

டீ வந்தது. இலவம்பாடி கத்திரிக்காய் போட்ட பஜ்ஜியும் வந்தது. அந்த முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எதில் வேண்டுமானாலும் அதைப் போட்டு, பெயரைச் சொல்லித்தான் பரிமாறுகிறார்கள். பஜ்ஜிக்கு வாழைக்காய்தான் என்பது என் கருத்து.

அதற்குப் பிறகு கிட் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கிராஷ் சிம்பல். அது ஒரு தடவை விழுந்தால் நாலு வரிக்குப் பாட்டு கேட்பதில்லை. பித்தளைப் பம்பையின் சத்தம் இருக்கும் உயரத்திலேயே அதுவும் நிற்கிறது. அடுத்து பேஸ் ட்ரம்முக்குள் போர்வை. போர்வை போட்டும் பம்பையின் உறுமலோடு மோதியது. அண்ணன் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு தடவையும் நான் மிதிக்கும் இடத்தில் தன் கனமான முகத்தை நிறுத்திவிட்டார். மரியாதையாக வழிவிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது பாட்டில் அவர் வழிவிடுவதால் பாட்டே இளைத்துப்போவது தெரிந்ததும், காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டேன். உடனே உறுமல் திரும்பி வந்தது. ஸ்னேரின் அடிக்கம்பிகளைத் தளர்த்தினேன். கடைசியில் என் கையில் மிஞ்சியது ஃப்ளோர் டாம், தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய டாம், ஒன்று.

அப்போதுதான் ஆர்மோனியப் பெரியவர் வாயைத் திறந்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "உக்காருறது தப்பில்ல தம்பி. கூத்துல மிருதங்கமும் உக்காந்துதான். பெஞ்சுல, பின்னாடி. ஆனா ஆடுறவன் கால உட்டு கண்ண எடுக்க மாட்டான். நீ உன் சாமானத்தையே பாத்துகினு கீற."

உண்மைதான். தெருக்கூத்தில் வாத்தியக்காரர்கள் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் வரிசையாக உட்காருவார்கள். சின்ன வயதில் பாரதக் கூத்து பார்க்கும்போது, முகம் தெரியாத இடத்தில் ஏன் இவர்களை உட்கார வைத்தார்கள் என்று யோசித்திருக்கிறேன். முகம் தேவையில்லை. சலங்கை கட்டிய கால் தெரிந்தால் போதும். கிட்டில் உட்கார்ந்தவனுக்கு எதிரே எப்போதும் சிம்பல் மறைக்கும்.

"எயுந்து நின்னு அடிச்சுப் பாரு" என்றார் பம்பை அண்ணன். ஒரு துண்டை முறுக்கி ஃப்ளோர் டாமின் கால் மாட்டும் இடத்தில் கட்டி, தோளில் மாட்டிவிட்டார். எடை இடுப்பில் இறங்கியது. நின்றால் சும்மா நிற்க முடியவில்லை, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மாற்றும் வேகமே தாளமானது. அக்காவின் குதிகால் எனக்கு நேராகத் தெரிந்தது. சந்து அடைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. பறைப் பையன்கள் களத்துக்கு நகர்ந்தார்கள், நானும் பின்னாலேயே போனேன். பல வருஷம் வாசித்தும் நடந்துகொண்டு வாசித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வாக்குவாதமும் நடந்தது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் ஒத்திகை அரைகுறையாகிவிடும். மேடைக்கு ஒரு பத்து நிமிஷத் தாள வாத்தியப் பகுதி வேண்டும் என்று வாத்தியார் திட்டம் வைத்திருந்தார். கோயிலில் பூங்கரகம் ஜோடித்து அம்மனை அழைக்கும்போது பம்பையில் வாசிப்பதை அதில் சேர்க்கலாம் என்றார். பம்பை அண்ணன் முடியாது என்றார். "சொம்மா கூப்புடக் கூடாது சார். கூப்ட்டா வரணும், வந்தா இன்னா பண்ணுவ?" மச்சானும் தலையாட்டினார். சரி, அப்போது சாவுக்கு அடிக்கும் அடியைச் சேர்க்கலாமா என்று காலேஜ் பையன் கேட்டான். அதற்கும் அண்ணன் வேண்டாம் என்றார், அபசகுனம் என்று. அங்கேதான் தோல் ஷாப் பையன் குரலை உயர்த்தினான். அவனுடைய தாத்தாவும் அப்பாவும் சாவுக்கு அடித்தவர்கள். அடிக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. "அத்த கேவலம்னு நெனச்சுத்தான் எங்கள ஊருக்கு வெளிய வெச்சாங்க. நீயும் ஒதுக்குனா எப்டிணா? நல்ல அடி அது. மேடையிலதான் அடிக்கணும்."

அண்ணனின் இரண்டு மறுப்பும் ஒரே மாதிரி இல்லை என்று எனக்குப் பட்டது. அண்ணன் சாமி அழைப்பை மறுப்பது ஒரு தொழிலாளி தன் வேலையின் எல்லையைக் காப்பது. அதை மதிக்க வேண்டும். ரசிகர்கள் கைதட்டுவதற்காக ஒருவர் தன் நம்பிக்கையை அவிழ்த்துக் காட்ட வேண்டியதில்லை. சாவுக்கு அடிக்கும் அடியின் விஷயம் வேறு. அதை ஒதுக்கியது அடித்தவர்கள் இல்லை, கேட்டவர்கள். அடித்தவர்களின் பேரன் மேடையேற்ற வேண்டும் என்றால் மேடையேற்றத்தான் வேண்டும். வாத்தியார் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் அந்தப் பகுதியில் தான் வாசிக்காமல் ஒதுங்கி நிற்பதாகச் சொன்னார். அதற்குப் பையன் ஒத்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே பீடிக்கட்டில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

ஓய்வு நேரத்தில் பேச்சு விருதுப் பக்கம் போனது. 2025-இல் பத்மஸ்ரீ வாங்கியவர்களில் பறைக்கலைஞர் வேலு ஆசானும், தெருக்கூத்துக்காரர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் உண்டு. புரிசை இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பழைய கணக்கில் எங்கள் வடாற்காடுதான். 1989-இல் மாவட்டம் பிரிந்ததைப் பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை, "நம்ம ஜில்லாக்காரர்" என்றே சொன்னார். பம்பை அண்ணன், "பறைக்கு வந்திச்சு, கூத்துக்கு வந்திச்சு, பம்பைக்கு எப்போ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சாரத்துக்குக் கயிறு வாங்க வேண்டிய கணக்கை மச்சானிடம் பேச ஆரம்பித்தார்.

கிளம்பும் முன் பணப் பேச்சு. வருமானத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது என்று வாத்தியார். அண்ணன் ஒரு திருத்தம் வைத்தார்: பங்கு போடுவதற்கு முன் தோல் காசு தனியாக எடுத்துவிட வேண்டும். தோல் கிழிவது வாசிப்பவன் குற்றம் இல்லை, ஆனால் ஒவ்வொரு சீசனிலும் மாற்றுகிற செலவு அவன் தலையில்தான் விழுகிறது. கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் இதை நான் உடனே ஆதரித்தேன். தேய்மானத்தைக் கழித்துவிட்டு லாபத்தைப் பிரிப்பதுதான் முறை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உடனே அண்ணன் என் பக்கம் திரும்பி, "உனக்குக் கெடையாது. உன்னுது பிளாஸ்டிக்" என்றார்.

நியாயம்தான். ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. ஃப்ளோர் டாமுக்கும் தோல் கட்டினால் என்ன என்று தோல் ஷாப் பையன் கேட்டான். மைலார் வருவதற்கு முன்பு அப்படித்தான் இருந்தது, ஈரத் தோலை ஒரு மர வளையத்தைச் சுற்றி மடித்துச் செருகி, அதன் மேல் இரும்பு வளையம் வைத்துத் திருகுவார்கள் என்றேன். அந்த மர வளையம் இப்போது எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பறைச் சட்டம் செய்யும் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று அண்ணன் சொன்னார். பதினாறு இன்ச் அளவுக்கு வளையம் அவர் செய்து தருவார். தோலைப் பையன் பார்த்துக்கொள்வான். துண்டுக்குப் பதிலாகத் தோள்வாரை மட்டும் நான் வாங்கி வர வேண்டும், அகலமாக, இரண்டு விரற்கடைக்குக் குறையாமல். ஆடி முதல் வெள்ளிக்கு முன்னால் கட்டிக் காயவைத்துவிட வேண்டும் என்று பேச்சு.